ஸ்டார் ரெய்டர்ஸ்: கார்ட்ரிட்ஜ் செருகுவதிலிருந்து கமாண்டர் மிஷன் வரை

ஸ்டார் ரெய்டர்ஸ் என்ற பழைய அட்டாரி விண்வெளிப் போர் கேமைப் புதிதாக ஆடுபவரை முதலில் வீழ்த்துவது சைலான் என்ற எதிரியின் குண்டு அல்ல, கணக்கு. எதிரி எங்கே என்று தேடித் தேடிப் பாய்ந்துகொண்டிருப்பார். திடீரென்று திரையில் 'மிஷன் அபார்ட்டட், ஜீரோ எனர்ஜி' என்று வரும். அவ்வளவுதான், ஆட்டம் முடிந்தது. இது சுடும் கேம் போலத் தோற்றம் தரும் ஒரு வரவு செலவு கேம். பாதிக்கும் மேலான போர் வரைபடத்தில்தான் நடக்கிறது. சுடுவது கடைசி வேலை. இந்த வழிகாட்டியும் அதே வரிசையில்தான் போகிறது.

அட்டாரி நிறுவனத்தில் இருந்த டக் நியூபவர் எழுதியது. அதே நிறுவனத்தின் 'போக்கி' என்ற ஒலிச் சில்லை வடிவமைத்தவர்களில் அவரும் ஒருவர். அட்டாரி 400, 800 இயந்திரங்களுக்காக 1979 பதிப்புரிமை ஆண்டோடு வந்து, 1980-ல் கடைகளில் கிடைத்தது. மொத்தக் கேமும் 8 கிலோபைட் ரோமில் அடக்கம். இன்று கைபேசியில் எடுக்கும் ஒரு படத்துக்குக்கூட அந்த இடம் போதாது. அதற்குள் முப்பரிமாண விண்வெளி, நகரும் எதிரிப்படை, சேதமாகும் உறுப்புகள், பதவிப் பட்டியல் எல்லாம் இருக்கின்றன. 2007-ல் ஸ்டான்ஃபோர்டின் ஹென்றி லோவுட் குழு பாதுகாக்க வேண்டிய 10 வீடியோ கேம்களைப் பட்டியலிட்டபோது இதுவும் அதில் இருந்தது.

எந்தப் பதிப்பை ஆடுவது

ஒரே பெயரில் பல கேம்கள் உண்டு, பழையவற்றில் முக்கியமானவை மூன்று. வாங்கும்போதும் பதிவிறக்கும்போதும் இதில்தான் குழப்பம் வரும்.

முதலாவது, 400/800 கணினிக்கான மூலப் பதிப்பு. கார்ட்ரிட்ஜின் எண் சிஎக்ஸ்எல் 4011. அடுத்து வந்த எக்ஸ்எல், எக்ஸ்இ கணினிகளிலும், 1987-ல் வந்த எக்ஸ்இ கேம் சிஸ்டம் கன்சோலிலும் இதே கார்ட்ரிட்ஜ் அப்படியே ஓடும். ஆனால் கேம் சிஸ்டத்தில் கழற்றி மாட்டும் கீபோர்டும் கட்டாயம் வேண்டும். ஜாய்ஸ்டிக்கை மட்டும் வைத்துக்கொண்டு இதை ஆட முடியாது. பழைய கன்சோல் வாங்கும்போது கீபோர்டு இல்லாத செட் மலிவாகக் கிடைத்தால் ஏன் மலிவு என்று யோசியுங்கள்.

இரண்டாவது, 1982-ல் வந்த அட்டாரி 5200 பதிப்பு. கட்டளைகள் எல்லாம் அந்தக் கன்சோலின் கையடக்க எண்பலகையில் இருக்கும். அதன் ஜாய்ஸ்டிக் கையை எடுத்தால் தானாக நடுவுக்குத் திரும்பாது. குறி வைப்பது அதனால் வேறு மாதிரியான பழக்கம். கணினிக் கார்ட்ரிட்ஜும் இதுவும் ஒன்றின் இடத்தில் ஒன்று போகாது.

மூன்றாவது, அதே ஆண்டு அட்டாரி 2600-க்கு வந்த பதிப்பு. கூடவே ஒரு தொடுபலகையும் பெட்டியில் கொடுத்தார்கள். அந்தச் சிறிய கன்சோலுக்குள் அடக்குவதற்காக நிறைய வெட்டப்பட்டது. ஆர்வத்துக்கு ஒருமுறை பார்க்கலாம், கற்றுக்கொள்ள இது வேண்டாம்.

கீழே சொல்வதெல்லாம் முதல் பதிப்புக்கானது. அடிப்படை உத்தி 5200-க்கும் பொருந்தும்.

நிறுவுதல்

பழைய இயந்திரம் இருந்தால்: மின்சாரத்தை அணைத்துவிட்டு, 800-ல் இடப்பக்க ஸ்லாட்டில் கார்ட்ரிட்ஜைச் செருகுங்கள். ஜாய்ஸ்டிக் முதல் போர்ட்டில். மின்சாரம் போட்டதும் விண்மீன்கள் ஓடும் காட்சி தானாக வர வேண்டும். வராமல் நீலத் திரையோ வேறு நிறமோ நின்றால் கார்ட்ரிட்ஜ் கெட்டுவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள். நாற்பது ஆண்டு அழுக்கு, கார்ட்ரிட்ஜின் செப்புத் தொடுமுனைகளில் படிந்திருக்கும். ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக்குச்சியால் துடைத்து, முழுக்கக் காயவிட்டு மறுபடி செருகுங்கள். மின்சாரம் இருக்கும்போது செருகவோ பிடுங்கவோ கூடாது.

எமுலேட்டர் (பழைய இயந்திரத்தைப் போல நடந்துகொள்ளும் மென்பொருள்) என்றால்: விண்டோஸில் ஆல்டிரா, லினக்ஸிலும் மேக்கிலும் அட்டாரி800. ஆல்டிராவுக்குத் தனியாக இயங்குதள ரோம் தேட வேண்டியதில்லை, மாற்று ரோம் உள்ளேயே இருக்கிறது. கார்ட்ரிட்ஜ் வகை கேட்டால் சாதாரண 8 கே என்று கொடுங்கள். வீடியோ முறை என்டிஎஸ்சி, அதாவது அமெரிக்க டிவி முறை.

இங்கே இரண்டு இடங்களில் கை சறுக்கும். ஆல்டிராவில் எஃப்2 ஸ்டார்ட், எஃப்3 செலக்ட், எஃப்4 ஆப்ஷன். அட்டாரி800-ல் எஃப்2 ஆப்ஷன், எஃப்3 செலக்ட், எஃப்4 ஸ்டார்ட். ஒன்றில் பழகிய விரல் இன்னொன்றில் தவறான விசையை அமுக்கிவிட்டு 'கேம் தொடங்க மாட்டேன் என்கிறது' என்று நிற்கும். இரண்டாவது இதைவிடப் பொல்லாதது. இன்றைய கேம்களின் பழக்கத்தில் ஜாய்ஸ்டிக்கை டபிள்யூ, ஏ, எஸ், டி விசைகளில் வைத்துக்கொண்டால், ஏ அமுக்கும் ஒவ்வொரு முறையும் பின்பக்கக் காட்சி வரும், எஸ் அமுக்கினால் ஷீல்டு (கப்பலின் காப்புக் கவசம்) அணையும். ஜாய்ஸ்டிக்குக்கு அம்புக்குறி விசைகளையோ உண்மையான கேம்பேடையோ கொடுங்கள்.

விசைகள்

எஃப் முன்பக்கக் காட்சி, ஏ பின்பக்கக் காட்சி. ஜி வரைபடம், அதாவது முழு கேலக்ஸி. எல் நெடுந்தூர ஸ்கேன், நீங்கள் நிற்கும் கட்டத்தை மேலிருந்து பார்க்கும் படம். எஸ் ஷீல்டு, சி அட்டாக் கம்ப்யூட்டர், டி (T) டிராக்கிங் கம்ப்யூட்டர், எம் இலக்கு மாற்ற, ஹெச் ஹைப்பர்வார்ப் (வேறு கட்டத்துக்குத் தாவுவது), பி இடைநிறுத்தம். 0 முதல் 9 வரை வேகம். ஜாய்ஸ்டிக் பட்டன் ஃபோட்டான் டார்பிடோ.

கமா, புள்ளி விசைகளுக்குப் பக்கத்தில் இருக்கும் தலைகீழ் எழுத்து விசையை மட்டும் தொடாதீர்கள். அது மிஷனையே கைவிடும் விசை. நன்றாகப் போய்க்கொண்டிருக்கும் ஆட்டம் காரணமில்லாமல் முடிந்தால் பெரும்பாலும் விரல் அங்கே பட்டிருக்கும்.

செலக்ட் அமுக்க அமுக்க நோவிஸ், பைலட், வாரியர், கமாண்டர் என்று மிஷன் மாறும். நோவிஸில் நிறுத்தி ஸ்டார்ட் அமுக்குங்கள்.

முதல் நிமிடத்தில் செய்ய வேண்டியவை

தொடங்கும்போது ஷீல்டும் கம்ப்யூட்டரும் அணைந்தே இருக்கும். இதைக் கேம் உங்களுக்குச் சொல்லாது. முதலில் எஸ், அடுத்து சி, அடுத்து டி. ஷீல்டு ஏறியதும் வானத்தின் கருமை லேசாக நிறம் மாறும், அதுதான் அடையாளம். ஷீல்டு இல்லாதபோது ஒரே ஒரு சைலான் குண்டு பட்டாலும் கப்பல் போயிற்று. ஏன், வழியில் வரும் விண்கல் ஒன்று போதும்.

திரையின் அடிப்பக்க வரியைப் படிக்கப் பழகுங்கள். வி என்பது வேகம். கே வீழ்த்திய கப்பல்கள். இ மீதமிருக்கும் ஆற்றல், 9999-ல் தொடங்கும். டி என்பது எந்த இலக்கைப் பின்தொடர்கிறோம் என்பது. அதன் கீழே மூன்று எண்கள்: தீட்டா, ஃபை, ஆர். தீட்டா இலக்கு இடமா வலமா என்று சொல்லும், ஃபை மேலா கீழா என்று சொல்லும், ஆர் தூரம். ஆர் எண்ணுக்கு முன் கழித்தல் குறி இருந்தால் எதிரி உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கிறான்.

ஜாய்ஸ்டிக்கை முன்னால் தள்ளினால் கப்பல் மூக்கு எப்படிப் போகிறது என்பதை எதிரி இல்லாத கட்டத்திலேயே இரண்டு நிமிடம் ஆட்டிப் பழகிக்கொள்ளுங்கள். சண்டை நடுவே பழக நேரம் கிடைக்காது.

வரைபடம்: ஆட்டம் நடக்கும் இடம்

ஜி அமுக்குங்கள். அகலத்தில் 16, உயரத்தில் 8, மொத்தம் 128 கட்டங்கள். சில கட்டங்களில் ஸ்டார்பேஸ் குறி இருக்கும். அவை உங்கள் பெட்ரோல் பங்க், பட்டறை இரண்டும். மற்றக் குறிகள் சைலான் படைகள்: ஒன்று அல்லது இரண்டு கப்பல், மூன்று கப்பல், நான்கு கப்பல் என்று மூன்று விதம். கர்சரை ஒரு கட்டத்தின் மேல் வைத்தால் அங்கே எத்தனை இலக்கு, போக எவ்வளவு ஆற்றல் என்று கீழே காட்டும்.

சைலான்கள் சும்மா நிற்பதில்லை. நீங்கள் வேறு கட்டத்தில் சண்டையிடும்போதே அவை ஸ்டார்பேஸை நோக்கி நகர்கின்றன. ஒன்று, இரண்டு கப்பல் உள்ள சிறு படைகள் விறுவிறுவென்று வரும். மூன்று கப்பல் படை சற்று மந்தம். நான்கு கப்பல் படை ஆமை. பல முறை அசையாமலே இருக்கும். இந்த ஒரு விஷயம் தெரிந்தால் பாதி உத்தி தெரிந்த மாதிரி. பெரிய படையைப் பார்த்துப் பயந்து முதலில் அங்கே ஓடுவதுதான் புதியவர் செய்யும் தவறு. அது எங்கேயும் போகப் போவதில்லை. சின்னதுதான் வேலியைத் தாண்டி வரும்.

இனி ஆற்றல். கர்சரை உங்கள் கட்டத்திலிருந்து மெல்ல வெளியே நகர்த்திக்கொண்டே வார்ப் எனர்ஜி எண்ணைப் பாருங்கள். 100, 130, 160, 200, 230 என்று நிதானமாக ஏறும். அடுத்த படியில் சட்டென்று 500. பிறகு 700, 800, 900, அதற்கடுத்தது ஒரே தாவலில் 1200. கேலக்ஸியின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு என்றால் 2000-ஐயும் தாண்டும்.

இந்த 230-க்கும் 500-க்கும் நடுவில் இருக்கும் பள்ளத்தில்தான் புதியவரின் ஆற்றல் எல்லாம் விழுந்து காணாமல் போகிறது. 230 காட்டும் எல்லையில் நின்று ஒருமுறை தாவி, அங்கிருந்து மறுபடி 230-க்குத் தாவினால் மொத்தம் 460. அதே தூரத்தை ஒரே மூச்சில் கடக்க 800, 900 கேட்கும். ஆகவே நீண்ட பயணத்தைத் துண்டு போடுங்கள். நடுவில் இறங்கும் கட்டம் காலியாக இருக்கட்டும். அல்லது எப்படியும் அடிக்க வேண்டிய எதிரி இருக்கும் கட்டமாகவே இருக்கட்டும், போகிற வழியில் ஒரு வேலை முடியும்.

ஒப்பிட்டுப் பார்க்க: ஒரு டார்பிடோவின் விலை 10. ஒரு 1200 தாவலுக்கு 120 குண்டு சுடலாம். நான்கு கப்பல் படையை முழுக்க அழிக்க, கைக்கு நிதானம் இருந்தால், 200-க்குள் முடியும். குண்டுக்குக் கஞ்சத்தனம் பார்த்துவிட்டுப் பயணத்தில் வாரி இறைப்பது இந்தக் கேமில் தலைகீழ் வீட்டுக்கணக்கு.

சாதாரண எஞ்சின் வேகத்திலும் ஒரு மேடு உண்டு. 6 வரை செலவு கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஏறும். 7, 8, 9 மூன்றும் ஆற்றலைக் குடிக்கும். நடைமுறையில் 6-தான் உங்கள் கியர். 9-ஐத் தப்பி ஓடும்போது மட்டும் தொடுங்கள்.

ஹைப்பர்வார்ப்

வரைபடத்தில் கர்சரைச் சேர வேண்டிய கட்டத்தில் வைத்து ஹெச் அமுக்குங்கள். முன்பக்கக் காட்சி வரும், வேகம் ஏறத் தொடங்கும். 99 ஆனதும் கப்பல் தாவும்.

நோவிஸில் கப்பல் தானாகவே நேராகப் போய்விடும். பைலட்டிலிருந்து அந்தச் சலுகை கிடையாது. வேகம் ஏறும்போது திரையில் ஒரு குறி தோன்றி அங்குமிங்கும் விலகும். ஜாய்ஸ்டிக்கால் அதைக் குறுக்குக்கோட்டின் நடுவிலேயே பிடித்து வைத்திருக்க வேண்டும். தாவும் கணத்தில் குறி விலகியிருந்தால் பக்கத்துக் கட்டத்திலோ அதற்கும் அப்பாலோ போய் இறங்குவீர்கள். குறி எந்தப் பக்கம் ஓடுகிறதோ அதே பக்கம் சின்னச் சின்னத் தட்டலாகத் திருப்புங்கள். அமுக்கிப் பிடித்தால் தாண்டிவிடும், பிறகு மறுபக்கம் துரத்த வேண்டும், கடைசியில் ஊசலாட்டம்தான் மிஞ்சும். மனம் மாறினால் 99-க்கு முன்பே ஏதாவது எண் விசையை அமுக்கினால் தாவல் ரத்தாகும்.

இறங்கிய கட்டத்தில் எதிரி இருந்தால் 'ரெட் அலர்ட்' என்று திரை மினுக்கி சைரன் அலறும். சைரன் கேட்கவில்லை, எதிரியும் இல்லை என்றால் ஜி அமுக்கி எங்கே இருக்கிறோம் என்று பாருங்கள். தவறான கட்டமாக இருக்கலாம். அல்லது நீங்கள் வருவதற்குள் அந்தப் படை இடம் மாறியிருக்கலாம். சிறு படைகள் இந்த வேலையை அடிக்கடி செய்யும்.

சண்டை

கட்டத்தில் நான்கு கப்பல் இருந்தாலும் ஒரே நேரத்தில் களத்தில் இருப்பவை இரண்டுதான். ஒன்று விழுந்தால் அடுத்தது வரும். சைலான் குண்டும் ஒரு நேரத்தில் ஒன்றுதான் பறக்கும். இது தெரியாதவர் நான்கு பக்கமும் சூழ்ந்துவிட்டதாக நினைத்துக் கப்பலைச் சுழற்றிக்கொண்டே இருப்பார். உண்மையில் நீங்கள் கவனிக்க வேண்டியது மூன்று பொருள்: இலக்கு, அதன் துணை, வந்துகொண்டிருக்கும் ஒரு குண்டு.

அந்தக் குண்டையும் சுடலாம். உங்களை நோக்கி நேராக வருவதால் அது குறுக்குக்கோட்டின் அருகில்தான் பெரிதாகும். விலகி ஓடுவதைவிட நேராகச் சுடுவது பல சமயம் சுலபம்.

அட்டாக் கம்ப்யூட்டரின் சதுரம் திரையின் கீழ் வலது மூலையில் இருக்கும். இலக்கு எங்கே என்று அதற்குள் ஒரு சின்னக் குறி காட்டும். அந்தக் குறியை நடுவுக்குக் கொண்டுவருவது மட்டுமே உங்கள் வேலை; பெரிய திரையில் கப்பலைத் தேட வேண்டியதில்லை. கிடையாக நேரானதும் ஒரு பூட்டுக் குறி விழும், செங்குத்தாக நேரானதும் இன்னொன்று, தூரமும் சரியானதும் மூன்றாவது. மூன்றும் விழுந்தபின் பட்டனை அமுக்கினால் இரண்டு டார்பிடோக்களும் சேர்ந்து பாயும். பூட்டு விழாமல் சுட்டால் இடம், வலம் என்று மாறி மாறி ஒவ்வொன்றாகத்தான் போகும்.

வரிசையாகச் சொன்னால், ரெட் அலர்ட் கேட்டவுடன்: ஷீல்டு ஏறியிருக்கிறதா என்று வானத்தின் நிறத்தைப் பாருங்கள். வேகம் 6. ஆர் எண்ணின் குறியைப் பாருங்கள். கூட்டல் என்றால் முன்னால், கழித்தல் என்றால் பின்னால். முதலில் தீட்டாவைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள், பிறகுதான் ஃபை. இரண்டையும் ஒரே நேரத்தில் மூலைவாட்டில் திருத்தப் பார்த்தால் இரண்டுமே கெடும். ஆர் வேகமாகக் குறையத் தொடங்கினால் வேகத்தை 4 அல்லது 3-க்கு இறக்குங்கள். 6-லேயே பாய்ந்தால் எதிரியைத் தாண்டிப் போய்விட்டு மறுபடி திரும்ப வேண்டியிருக்கும்.

டிராக்கிங் கம்ப்யூட்டர் ஓடும்போது எதிரி பின்னால் போனால் காட்சியும் தானாகப் பின்பக்கத்துக்கு மாறும். முதலில் இது தலையைச் சுற்ற வைக்கும், ஆனால் பின்பக்கத்திலிருந்தும் சுடலாம் என்பதால் உதவிதான். திருப்பிக்கொண்டு நேரத்தை வீணாக்காமல் அங்கேயே குறி வையுங்கள். உங்களை ஒருவன் அடித்துக்கொண்டிருக்க, கம்ப்யூட்டர் இன்னொருவனையே பார்த்துக்கொண்டிருந்தால் எம் அமுக்கி இலக்கை மாற்றுங்கள்.

எதிரிகளில் மூன்று வகை. ஃபைட்டரும் குரூசரும் ஒரு நேரான அடிக்கு விழும். பேஸ்ஸ்டார் அப்படியல்ல, அதற்கும் ஷீல்டு உண்டு. தூரத்தில் நின்று சுட்டுக்கொண்டே இருந்தால் குண்டுகள் பட்டும் படாத மாதிரி இருக்கும். 'கேம் கோளாறு' என்று அலுத்துக்கொள்ளும் இடம் இது. கோளாறு இல்லை. நெருங்கிப் போங்கள், மூன்று பூட்டும் விழும்வரை பொறுங்கள், இரட்டைக் குண்டாக விடுங்கள்.

அடி விழுந்தால் என்ன உடையும்

வரைபடத் திரையின் கீழே டி.சி. (DC) என்ற எழுத்துகளுக்குப் பக்கத்தில் ஆறு எழுத்துகள் இருக்கும்: பி, இ, எஸ், சி, எல், ஆர். முறையே டார்பிடோ, எஞ்சின், ஷீல்டு, கம்ப்யூட்டர், நெடுந்தூர ஸ்கேன், ரேடியோ. மஞ்சள் என்றால் சேதம், சிவப்பு என்றால் அழிந்தது. நோவிஸில் எதுவும் சேதமாகாது. மேலே போகப் போக ஒவ்வோர் அடிக்கும் ஏதாவது உடையும் வாய்ப்பு கூடும். கமாண்டரில் பூவா தலையா போட்ட மாதிரி.

டார்பிடோ சேதமானால் இரண்டு குழாயில் ஒன்றுதான் சுடும், சமாளிக்கலாம். ஷீல்டு சேதமானால் விட்டு விட்டு எரியும். அணைந்திருக்கும் கணத்தில் குண்டு வந்தால் முடிந்தது. ஷீல்டு மஞ்சளானால் பேராசைப்படாமல் பழுதுபார்க்கப் போய்விடுங்கள். ஸ்கேன் சேதமானால் ஒரு விசித்திரம் நடக்கும்: ஒவ்வொரு பொருளுக்கும் கண்ணாடிப் பிம்பம் போல இன்னொரு பொய்ப்புள்ளி தெரியும். ஸ்டார்பேஸைத் தேடிப் பொய்ப்புள்ளியின் பின்னால் போய்க்கொண்டே இருப்பீர்கள். அப்போது ஸ்கேனை விட்டுவிட்டுத் தீட்டா, ஃபை எண்களை நம்புங்கள்.

எல்லாவற்றிலும் மோசமானது ரேடியோ, ஏனென்றால் போனதே தெரியாது. வரைபடம் பழைய நிலையிலேயே உறைந்து நிற்கும், ஸ்டார்பேஸ் ஆபத்து பற்றிய செய்தியும் வராது. வரைபடத்தில் நெடுநேரமாக எதுவும் நகரவில்லை என்றால் மகிழ்ச்சியடையாமல் ஆர் எழுத்தின் நிறத்தைப் பாருங்கள்.

ஸ்டார்பேஸில் சேர்வது

ஆற்றலும் பழுதும் இங்கே மட்டும்தான் தீரும். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாமல் போகும் இடமும் இதுதான்.

ஸ்டார்பேஸ் இருக்கும் கட்டத்துக்குத் தாவுங்கள். எல் அமுக்கி அது எந்தப் பக்கம் என்று பாருங்கள், கப்பலை அந்தப் பக்கம் திருப்புங்கள், எஃப் அமுக்கி முன்பக்கக் காட்சிக்கு வாருங்கள். வேகம் 6-ல் நெருங்குங்கள். ஸ்டார்பேஸ் புள்ளியாக இருந்து உருவம் எடுக்கத் தொடங்கியதும் 4, பிறகு 2, பிறகு 1. எண்ணை அமுக்கியவுடன் கப்பல் அந்த வேகத்துக்கு வராது, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் இறங்கும். அதனால் நிற்க வேண்டிய இடத்துக்குச் சற்று முன்பே 0 அமுக்குங்கள். ஸ்டார்பேஸ் குறுக்குக்கோட்டின் நடுவில், ஆர் கிட்டத்தட்ட பூஜ்யம், வேகம் 0. மூன்றும் சேர்ந்தால் 'ஆர்பிட் எஸ்டாப்ளிஷ்ட்' என்று வரும்.

இப்போது ஜாய்ஸ்டிக்கிலிருந்து கையை எடுத்துவிடுங்கள். ஸ்டார்பேஸிலிருந்து ஒரு சின்னக் கப்பல் கிளம்பி உங்களிடம் வந்து திரும்பிப் போகும். 'டிரான்ஸ்ஃபர் கம்ப்ளீட்' என்று வரும்வரை எதையும் தொடாதீர்கள். அதற்குள் அசைந்தால் 'டாக்கிங் அபார்ட்டட்', மறுபடி முதலிலிருந்து. முடிந்ததும் ஆற்றல் 9999, உடைந்ததெல்லாம் சரி.

ஆர்பிட் வரவே இல்லை என்றால் காரணம் இரண்டில் ஒன்று. தாண்டிப் போயிருப்பீர்கள், ஆர் கழித்தலில் இருக்கும். அல்லது பக்கவாட்டில் நடு விலகியிருக்கும்; வேகம் 1 வைத்துக்கொண்டு சரிசெய்து மறுபடி நிறுத்துங்கள்.

இங்கே பட்டன் பக்கம் விரலே போகக் கூடாது. உங்கள் டார்பிடோவுக்கு ஸ்டார்பேஸும் எதிரியும் ஒன்றுதான். பட்டால் வெடிக்கும், மதிப்பெண்ணும் குறையும், அடுத்த முறை நிரப்ப இடமும் இருக்காது.

எப்போது போவது? ஆற்றல் 2500-க்கு வந்தால் வரைபடத்தைத் திறந்து அருகில் உள்ள ஸ்டார்பேஸுக்கு எவ்வளவு கேட்கிறது என்று பாருங்கள். அதைப்போல இரண்டு மடங்குக்குக் கீழே ஒருபோதும் இறங்காதீர்கள். கடைசி நேரத்தில் தாவல் பிசகிப் பக்கத்துக் கட்டத்தில் இறங்கினால் திரும்பத் தாவ அந்த இரண்டாவது பங்கு வேண்டும்.

முற்றுகை

ஒரு ஸ்டார்பேஸின் மேல், கீழ், இடம், வலம் நான்கு கட்டங்களிலும் சைலான் படை வந்து உட்கார்ந்தால் 'ஸ்டார்பேஸ் சரவுண்டட்' என்று எச்சரிக்கை வரும். மூலைக்கட்டங்கள் கணக்கில் இல்லை. வரைபடத்தில் ஓடும் ஸ்டார்டேட் என்ற கேம் கடிகாரத்தில் ஏறத்தாழ 1.00 தான் கெடு, அதாவது 100 சென்டான். அதற்குள் முற்றுகையை உடைக்காவிட்டால் ஸ்டார்பேஸ் போய்விடும், அந்த இடத்தில் எதிரி இருப்பான்.

நான்கு படையையும் அழிக்க வேண்டியதில்லை, ஒரு பக்கம் திறந்தால் போதும். உதாரணமாக மேலே நான்கு கப்பல், இடப்பக்கம் மூன்று, கீழே மூன்று, வலப்பக்கம் இரண்டு என்று இருந்தால் வலப்பக்கத்துக்குத்தான் போக வேண்டும். இரண்டே கப்பல், களத்தில் இரண்டும் உடனே கிடைக்கும், அடித்து முடித்தால் கெடு ரத்து. மேலே இருக்கும் நான்கு கப்பலைத் தொடுவது தற்கொலை. அதை முடிப்பதற்குள் நேரம் தீர்ந்துவிடும்.

இதைவிட நல்லது அங்கே போகவே விடாமலிருப்பது. ஸ்டார்பேஸைச் சுற்றி இரண்டு பக்கம் நிரம்பியதுமே கவனிக்கத் தொடங்குங்கள். மூன்று நிரம்பிவிட்டால் நான்காவது பக்கத்துக்கு இரண்டு மூன்று கட்டம் தள்ளி எந்தச் சிறு படை இருக்கிறது என்று பார்த்து அதை அடியுங்கள். ஒவ்வொரு சண்டை முடிந்ததும் எதுவும் யோசிக்காமல் ஜி அமுக்கும் பழக்கம் விரலுக்கு வந்துவிட வேண்டும்.

மிஷன் ஏற ஏற

எல்லாச் சைலானும் அழிந்தால் 'மிஷன் கம்ப்ளீட்'. பிறகு பதவி. வீழ்த்திய கப்பல்கள், மிஷனின் கடினம் இரண்டும் கூட்டும். செலவழித்த ஆற்றல், எடுத்துக்கொண்ட காலம், இழந்த ஸ்டார்பேஸ், நீங்களே சுட்டுவிட்ட ஸ்டார்பேஸ் எல்லாம் கழிக்கும். அதனால்தான் நோவிஸைத் திரும்பத் திரும்ப முடித்தும் சிலருக்குப் பதவி ஓரிடத்திலேயே நிற்கிறது. எதிரியை எப்போதோ முடித்துவிடுகிறார்கள், போக்குவரத்துச் செலவைக் குறைப்பதில்லை.

பட்டியலின் அடியில் கேலக்டிக் குக், அதாவது சமையல்காரர். அடுத்து கார்பேஜ் ஸ்கோ கேப்டன், குப்பைப் படகின் தலைவர். பிறகு ரூக்கி, நோவிஸ், என்சைன் என்று ஏறி உச்சியில் ஸ்டார் கமாண்டர். பதவிகளுக்குள் வகுப்பும் உண்டு. 1-ஆம் வகுப்புதான் மேல். செத்துப்போனாலும் பதவி கிடைக்கும், மறைவுக்குப் பின் வழங்கியதாக. ரொம்ப மோசம் என்றால் 'பயிற்சிக்குத் தளத்துக்கு வந்து சேரவும்' என்று ஒரு வரி. 8 கிலோபைட்டுக்குள் கேலிக்கும் இடம் ஒதுக்கியிருக்கிறார்கள்.

நோவிஸில் 230-க்கு மேல் ஒருமுறைகூடத் தாவாமல் முடிக்கப் பாருங்கள். அது கைவந்தால் பைலட். அங்கே முதல் சில ஆட்டங்களை ஹைப்பர்வார்ப் குறியை நடுவில் பிடிப்பதற்கே ஒதுக்குங்கள், காலிக் கட்டங்களுக்கு இடையே தாவினாலும் சரி. வாரியரில் சேதம்தான் பாடம்: ஒவ்வொரு சண்டைக்குப் பிறகும் ஆறு எழுத்துகளின் நிறம். கமாண்டரில் தொடங்கியவுடன் ஷீல்டு போட்டுவிட்டு ஒரு குண்டும் சுடாமல் வரைபடத்தைத் திறங்கள். எந்த ஸ்டார்பேஸைச் சுற்றிச் சிறு படைகள் அதிகம் என்று பாருங்கள். அங்கே போகும் வழியை 230 துண்டுகளாகப் போட்டுக்கொண்டு, அதன் பிறகு ஹெச் அமுக்குங்கள்.